குபர்நெட்டிஸ்: மீகாமன் பெயர் தாங்கிய மென்பொருள்

குபர்நெட்டிஸ் என்பது பல கணினிகளைக் கிளஸ்டர் எனப்படும் கொத்தாக இணைத்து, அவற்றில் இயங்கும் மென்பொருள் கொள்கலன்களை மேலாண்மை செய்யும் திறந்த மூல மென்பொருளாகும்.

பெயர்

குபர்நெட்டிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மீகாமன், அதாவது கப்பலைச் செலுத்துபவன் என்று பொருள். தாமிரபரணிக் கரையின் கொற்கைத் துறையைக் குறிப்பிடும் 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்ற பழைய கிரேக்க நூல், பருவக்காற்று வழியைக் கண்டறிந்தவராகக் கூறும் இப்பாலசையும் இச்சொல்லாலேயே குறிக்கிறது.

தோற்றம்

ஒரே கணினியைப் பல கணினிகளைப் போல இயக்கும் மெய்நிகர் இயந்திர நுட்பம் 1960களில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவானது. ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும் தனி இயக்குதளம் தேவைப்படுவதால் நினைவகம் அதிகம் செலவாகும். கொள்கலன்கள் ஒரே இயக்குதளத்தின் கெர்னலைப் பகிர்ந்துகொள்வதால் எடை குறைந்தவை. 2013இல் வெளிவந்த டாக்கர் அவற்றைப் பரவலாக்கியது. கொள்கலன்கள் பெருகியதும், எதை எந்தக் கணினியில் இயக்குவது, ஒன்று நின்றால் எப்படி மீட்பது என்ற கேள்விகள் எழுந்தன. கூகுள் தன் உள்பயன்பாட்டுக்கு வைத்திருந்த 'போர்க்' அமைப்பின் அனுபவத்திலிருந்து குபர்நெட்டிஸை உருவாக்கி, 2014 சூனில் அறிவித்தது. 1.0 பதிப்பு 2015 சூலை 21இல் வெளியானது.

நிறுவும் முறை

தொடக்கத்தில் பாதுகாப்புச் சான்றிதழ்கள், எட்சிடி தரவுத்தளம், வலையமைப்பு ஆகியவற்றைத் தனித்தனியே அமைப்பது கடினமாக இருந்தது. 2016இல் 1.4 பதிப்புடன் வந்த கியூப்அட்ம் கருவி இதை எளிதாக்கியது. ஓர் இயந்திரத்தில் கட்டுப்பாட்டுக் கணுவைத் தொடங்கி, வலையமைப்புச் செருகியை நிறுவி, பிற இயந்திரங்களைப் பணிக் கணுக்களாகச் சேர்த்தால் கொத்து தயார். கட்டுப்பாட்டுக் கணுவுக்கு 2 மையச் செயலிகளும் 2 ஜிபி நினைவகமும் போதும்.

இதனால், பெருநிறுவனத் தரவு மையத்தில் மட்டும் காணக்கூடியதாக இருந்த ஒன்றைத் திருநெல்வேலிக் கல்லூரி மாணவரும் தம் மடிக்கணினியில் மூன்று மெய்நிகர் இயந்திரங்களைக் கொண்டு கற்க முடிகிறது. ஒரு பணிக் கணுவை நிறுத்திப் பார்த்தால், அதிலிருந்த பணிகள் சில நிமிடங்களில் மற்றதில் மீண்டும் தொடங்குவதைக் காணலாம். ஒரே கட்டுப்பாட்டுக் கணுவை நிறுத்தினாலோ, ஓடும் கொள்கலன்கள் ஓடிக்கொண்டிருக்கும். விழுந்தவற்றை வேறு கணுவுக்கு மாற்ற மீகாமன் இருக்காது. எனவே உண்மைப் பயன்பாட்டில் குறைந்தது மூன்று கட்டுப்பாட்டுக் கணுக்கள் வெவ்வேறு கணினிகளில் வைக்கப்படுகின்றன.