கைவிடப்பட்ட பொறிகளின் மறுவாழ்வு

பழைய பொருள் கடையில் நான் மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். அதன் உறுப்புகளில் பழுதில்லை. அதன் இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை ஆக்கியோர் நிறுத்திவிட்டனர். ஆகவேதான் அது குறைந்த விலைக்கு வந்தது.

இக்குறைக்கு மருந்து வரலாற்றில் உண்டு. 1983-இல் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் படித்து, திருத்தி, பிறர்க்கு வழங்கத்தக்க இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம்முடைய 386 கணினியில் லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி வெளியிட்டார். 1992-இல் அது ஸ்டால்மன் வகுத்த உரிமத்தின்கீழ் வந்தது. மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருந்தமையால், விற்றவர் கைவிட்ட பொறியையும் பிறர் காக்க முடிந்தது. 1985-இல் வெளிவந்த 386 சில்லுக்கு லினக்ஸ் விடை கொடுத்தது 2012 டிசம்பரில்தான்!

கைப்பேசியில் இது அத்துணை எளிதன்று. ஆண்ட்ராய்டின் கருவும் லினக்ஸே. ஆயினும் அதன் உறுப்புகளை இயக்கும் நிரல்கள் பல மூடப்பட்டவை. 2017-இல் வெளிவந்த போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், கைப்பேசிக்குப் பத்தாண்டு வாழ்வளிக்க முயல்கிறது.

என் மடிக்கணினி இன்று டெபியன் லினக்ஸால் இயங்குகிறது. ஒரு பொருளின் ஆயுளை வரையறுக்க வேண்டியவர் விற்றவரா, வைத்திருப்பவரா? இவ்வரலாற்றை அறிந்தோர் விடையையும் அறிவர்.