நிலநடுக்கம் வரப்போவது நம்ம உடம்புக்கு முன்கூட்டியே தெரியுமா?

"தலை சுத்துது, காது இரையுது... எங்கேயோ பூமி அதிரப் போகுது!" இப்படிச் சொல்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இது உண்மையா?

அறிவியல் என்ன சொல்கிறது?

எங்கே, எப்போது, எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வரும் என்று முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல இதுவரை யாராலும் முடியவில்லை. ஆனால் சில நொடிகள் முன்னால் சிலருக்குத் தெரியலாம். நிலநடுக்கத்தில் முதலில் வருவது 'பி' அலை. வேகம் அதிகம், பலம் குறைவு. பலமாக உலுக்கும் 'எஸ்' அலை அதற்குப் பிறகுதான் வரும். மாடியில் அசையாமல் படுத்திருப்பவர் முதல் அலையையே உணரலாம். ரோட்டில் நடப்பவருக்குத் தெரியாது.

பள்ளிபாளையத்தில் எப்படி?

விசைத்தறி ஓடும் வீடுகளில் தரையும் சுவரும் எப்போதும் அதிர்ந்துகொண்டேதான் இருக்கும். லேசான நில அதிர்வு வந்தாலும் தறி ஓட்டத்தில் தெரியாமல் போகலாம். பக்கத்து சேலம் மாவட்டத்தில் 2018 ஜூலை 22-ம் தேதி காலை 3.3 ரிக்டர் அளவில் நில அதிர்வு பதிவானது.

நின்ற பிறகும் ஆடுதா?

2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, அதிர்வே இல்லாதபோதும் தரை ஆடுவதுபோல் இருப்பதாகப் பலர் சொன்னார்கள். உடலின் சமநிலையைக் காக்கும் உள்காது குழம்புவதும், பயமும் இதற்குக் காரணமாகலாம்.

என்ன செய்யலாம்?

அதிர்வு போலத் தெரிந்தால், தேசிய நில அதிர்வு மையத்தின் பட்டியலைப் பாருங்க. அதில் எதுவும் இல்லை, தலைசுற்றல் மட்டும் அடிக்கடி வருதுன்னா, டாக்டரிடம் காதையும் ரத்த அழுத்தத்தையும் காட்டுங்க. 'நாளைக்கு நிலநடுக்கம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் யாருக்கும் அனுப்பாதீங்க.