நிலம் நடுங்கும் வேளையிற் பாடசாலை

மலைபோல் அசையாதவர் என்று பெரியோரைப் புகழ்வது தமிழ் வழக்கு. மலை அசையாது என்னும் நம்பிக்கையின் மீதே அவ்வுவமை நிற்கின்றது. கண்டி மாநகரைச் சூழ்ந்த குன்றுகளிடையே வீடும் கடையும் பள்ளியும் அமைத்து வாழும் மக்களும் நெடுங்காலம் அந்நம்பிக்கையுடனேயே வாழ்ந்து வந்தனர். மழை மிகுந்தால் மண் சரியும் என்பதை அவர்கள் அறிவர்; பாறையே நடுங்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

2020 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 ஆம் நாள் அந்த எண்ணம் ஆட்டங்கண்டது. விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடுத்துள்ள திகன, ஹாரகம, அநுரகம முதலிய ஊர்களில் நிலம் அதிர்ந்தது. முதலில், சுண்ணக்கல் அகழ்வோர் வைத்த வெடியாக இருக்கலாமோ என்ற ஐயம் எழுந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அதிர்ச்சி மீண்டும் மீண்டும் உணரப்பட்டது. பல்லேகலயில் உள்ள நில அதிர்வுப் பதிகருவியின் சான்றைக் கொண்டு, இவை சிறு பூமியதிர்ச்சிகளே எனப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் அறிவித்தது. பாததும்பறையில் அமைந்த மடவளைக்குத் திகன தொலைவான ஊரன்று. முதல் அதிர்ச்சி வந்தது ஒரு சனிக்கிழமை. அன்று வகுப்பறைகளிற் பிள்ளைகள் இல்லை.

அதிர்ச்சியின் அளவு சிறிது. சில வீட்டுச் சுவர்களில் வெடிப்புத் தோன்றியதோடு அது முடிந்தது. எனினும், பழைமையான உறுதி மிக்க நிலம் என்று கருதப்பட்ட இடங்களிலும் பெருந்துன்பம் நேர்ந்ததுண்டு என்பதற்கு அண்டை நாடாகிய இந்தியாவே சான்று. மகாராஷ்டிரத்தில் கொய்னா அணைக்கருகே 1967 டிசம்பர் 11 ஆம் நாள் எழுந்த அதிர்ச்சியில் ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். 1993 செப்டெம்பர் 30 ஆம் நாள் விடியுமுன் லாத்தூர்ப் பகுதி குலுங்கியபோது ஏறத்தாழப் பதினாயிரவர் உயிரிழந்தனர். இரண்டும் தக்காணத்தின் தொன்மையான பாறை நிலத்திலேயே நிகழ்ந்தன.

இலங்கையின் வரலாறும் இவ்வகையில் வெறும் ஏடன்று. 1615 ஏப்ரல் 14 ஆம் நாள் கொழும்பை ஒரு பேரதிர்ச்சி தாக்கியதென்றும், இருநூறு வீடுகள் வரை இடிந்து ஈராயிரம் பேர் வரை மாண்டனரென்றும் போர்த்துக்கேயர் காலக் குறிப்பொன்று கூறுகின்றது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் சுமாத்திரா அருகே கடலடியிற் பிறந்த அதிர்ச்சி, ஆழிப்பேரலையாக வந்து இந்நாட்டின் கரைகளில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. நூற்றுக்கும் மேற்பட்ட பாடசாலைகள் சேதமுற்றன. அன்று ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக் காலமும்கூட. அது பாடசாலை நாளாக இருந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்று நினைக்கவும் நெஞ்சம் நடுங்குகின்றது.

பாடசாலைகளின் பூமியதிர்ச்சி வரலாற்றைப் புரட்டினால், இந்த ‘நல்வேளை’ என்னும் சொல் அடிக்கடி எதிர்ப்படும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாங் பீச் நகரை 1933 மார்ச் 10 ஆம் நாள் மாலை 5.54 மணிக்கு அதிர்ச்சி தாக்கியது. எழுபது பாடசாலைகள் இடிந்தன; நூற்றிருபது பழுதடைந்தன. பிள்ளைகள் முன்னரே வீடு சென்றிருந்தமையால் தப்பினர். சில மணி நேரம் முந்தியிருந்தால் என்னவாகும் என்று பெற்றோர் கேட்ட கேள்வி சட்டசபையை உலுக்கிற்று. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10 ஆம் நாள், பாடசாலைக் கட்டடங்களை அரசின் மேற்பார்வையில் உறுதியாக அமைக்க வேண்டுமென்ற ‘ஃபீல்ட் சட்டம்’ நிறைவேறியது. நல்வேளையை அம்மக்கள் பாடமாக்கிக்கொண்டனர்.

நல்வேளை வாய்க்காத ஊர்களும் உண்டு. 2001 ஜனவரி 26, குடியரசு நாள். குஜராத்தின் அஞ்சார் நகரத்தின் ஒடுங்கிய தெருவொன்றில் மாணவர்கள் ஊர்வலமாகச் சென்றுகொண்டிருந்தனர். இருமருங்கும் நின்ற கட்டடங்கள் அவர்கள்மீது சரிந்தன. 185 மாணவரும் 20 ஆசிரியரும் மடிந்தனர். 2005 அக்டோபர் 8 ஆம் நாள் காலை, வகுப்புகள் நடந்துகொண்டிருந்த நேரத்தில் காஷ்மீரையும் பாகிஸ்தானின் வடபகுதியையும் தாக்கிய அதிர்ச்சியில் ஆயிரமாயிரம் பிள்ளைகள் தம் வகுப்பறைகளிலேயே புதையுண்டனர். அவர்களைக் கொன்றவை அவர்களைக் காக்க வேண்டிய கூரையும் சுவருமே.

இத்துயர வரலாற்றிடையே ஒளிவிடும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. சீனத்தின் சிச்சுவான் மாநிலத்தில் சாங்சாவோ என்னும் சிற்றூரின் நடுநிலைப் பாடசாலைக்கு யே ஜிபிங் என்பவர் அதிபராக இருந்தார். பாடசாலையின் மாடிக் கட்டடம் சரியான மேற்பார்வையின்றி எழுப்பப்பட்டது என்பதை அவர் அறிவார். கல்வி அதிகாரிகளிடம் பலமுறை நடந்து, சிறிது சிறிதாகப் பணம் பெற்று, பல ஆண்டுகள் அதனைச் செப்பனிட்டார். தூண்களைப் பருமனாக்கினார், தளங்களிடையே இருந்த இடைவெளிகளைச் சிமெந்தால் நிரப்பினார், மேன்மாடத்தின் கனத்த செங்கற் கைப்பிடிச் சுவரை நீக்கி இலேசான உருக்குக் கம்பிகளை அமைத்தார். இதற்கான செலவு கட்டடத்தைக் கட்டிய செலவினும் மிகுந்தது. அதனோடு நில்லாமல், ஒவ்வொரு தவணையிலும் முன்னறிவிப்பின்றி வெளியேறும் பயிற்சியை நடத்தினார். எவ்வகுப்பு எப்படியால் இறங்க வேண்டும், எந்த ஆசிரியர் படிக்கட்டின் எத்திருப்பத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருந்தன. இத்தனையும் வீண்வேலை என்று நகைத்தோரும் இருந்தனர்.

2008 மே 12 ஆம் நாள் பிற்பகல் 2.28 மணிக்குச் சிச்சுவான் குலுங்கியது. அண்மையிலுள்ள பெய்ச்சுவான் நடுநிலைப் பாடசாலையில் ஏறத்தாழ ஆயிரவர் மாண்டனர். சாங்சாவோவில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரு நிமிடம் 36 செக்கனில் விளையாட்டுத் திடலை அடைந்தனர்; ஒருயிரும் போகவில்லை. அவ்வேளையில் அதிபர் ஊரில் இல்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. பதறி ஓடி வந்தவர், மாணவர் அணியாக நிற்பதையும் ஆசிரியர் அவர்களைச் சூழ்ந்து நிற்பதையும் கண்டார். நல்ல ஆயத்தம் தலைவர் இல்லாத வேளையிலும் காக்கும்.

வெளியேறினால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு ஜப்பானில் விடை உண்டு. 2011 மார்ச் 11 ஆம் நாள் கமாயிஷி நகரத்துக் கீழைப் பாடசாலை மாணவர், பயின்றபடி உடனே மேட்டுநிலம் நோக்கி ஓடினர். அயற் பள்ளியின் சிறுவர்களையும் கைபிடித்து அழைத்துச் சென்று தப்பினர். ஒக்காவா ஆரம்பப் பாடசாலையிலோ, அதிர்ச்சிக்குப்பின் பிள்ளைகள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முற்றத்திலேயே நிறுத்தப்பட்டனர். பின்புறம் குன்று இருந்தும் எங்குச் செல்வதென்ற முடிவு வாய்க்கவில்லை. அலை வந்தது, 108 மாணவரில் 74 பேரும் 10 ஆசிரியரும் மாண்டனர். முன்கூட்டியே தக்க திட்டம் வகுக்காமை அதிகாரிகளின் குற்றமென்ற தீர்ப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019 இல் உறுதிசெய்தது.

மடவளைப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு இவ்வரலாறு கூறுவது யாது? கடலலை இங்கு எட்டாது. ஆனால் மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த நிலத்திற் பாடசாலை நின்றால், பிள்ளைகள் கூடும் முற்றத்தின் தலைமேல் மண்மேடோ தாங்குசுவரோ நிற்கக்கூடும். நனைந்த சரிவில் சிற்றதிர்ச்சியும் பெருஞ்சரிவைத் தூண்ட வல்லது. ஆகவே ஒன்றுகூடும் இடத்தைத் தெரிந்தெடுக்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுதல் தகும். நீண்ட வகுப்பு மண்டபங்களில் தளர்ந்த ஓடுகள், உக்கிய மரச்சட்டங்கள், வெடித்த அரைச்சுவர்கள், சுவரோடு பிணைக்கப்படாத அலுமாரிகள் ஆகியவற்றை ஆண்டுதோறும் பார்வையிட வேண்டும். இவற்றுட் பலவற்றைச் சீர்செய்யப் பெரும்பணம் வேண்டியதில்லை. சில ஆணிகளும் ஒரு தச்சரின் அரைநாள் உழைப்புமே போதும்.

நிலம் அதிரும்போது ஓடாமல், மேசையின் கீழ்ப் புகுந்து தலையைக் காத்து, அதன் காலைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதிர்வு அடங்கிய பின்னரே வரிசையாக வெளியேற வேண்டும். மின்சாரம் தடைப்படலாம் ஆதலின் கைமணி ஒன்று ஆயத்தமாக இருத்தல் நன்று. ஆசிரியர் கையில் வரவு இடாப்பு இருக்க வேண்டும். திடலிற் பெயர் கூப்பிட்டு எண்ணி முடிக்கும்வரை கடமை முடிவதில்லை. நடக்க இயலாத பிள்ளைக்கும் மிகச் சிறிய பிள்ளைக்கும் துணை யாரென்பதை முன்னரே குறித்துவைக்க வேண்டும்.

இவ்வாறு பயிற்றுவது பிள்ளைகளின் உள்ளத்தில் அச்சத்தை விதைக்கும் என்று சிலர் தயங்குவர். அச்சம் பிறப்பது செய்வதறியாமையினாலேயே. நீச்சல் கற்ற பிள்ளை ஆற்றைக் கண்டு அஞ்சுவதில்லை. அதனை மதிக்கக் கற்றுக்கொள்கின்றது. 1923 செப்டெம்பர் 1 ஆம் நாள் தோக்கியோ நகரை அழித்த பேரதிர்ச்சியின் நினைவாக, ஜப்பானியர் 1960 முதல் அந்நாளை அனர்த்தத் தடுப்பு நாளாக வகுத்துப் பயிற்சி செய்கின்றனர். துக்க நாளைப் பயிற்சி நாளாக்கிய அம்மக்களின் வழி பின்பற்றத் தக்கது.

வெள்ளம் வருமுன் அணைகோலுதல் நம் முன்னோர் கூறிய அறிவு. திகனயின் சிற்றதிர்ச்சி எவரையும் பலிகொள்ளாமல் எச்சரித்துச் சென்றது. அடுத்தது எப்பொழுது, எவ்வளவு என்று கூற வல்லார் உலகில் எவருமிலர். காலை மணியடித்ததும் ஊரார் தம் செல்வங்களைப் பாடசாலையின் கூரையின் கீழ் ஒப்படைத்துச் செல்கின்றனர். மாலை மணியடிக்கும்போது ஒவ்வொருவரையும் குறைவின்றித் திருப்பியளிப்பது அக்கூரையின் கடமை. கூரையின் பலவீனத்தைக் காலத்தோடு கண்டு சீர்செய்வது அதன் கீழுள்ள பெரியோரின் கடமை.