லாஸ் ஏஞ்சலிஸ் புறநகர்களில் கயோட்டி

கயோட்டி வட அமெரிக்காவுக்கே உரிய காட்டு நாய் இனம். ஓநாயைவிட மிகச் சிறியது. தமிழ்நாட்டுக் குள்ளநரியைவிடச் சற்றுப் பெரியது. மேற்குப் பகுதிகளில் வளர்ந்த விலங்கின் எடை பெரும்பாலும் 9 முதல் 15 கிலோ வரை இருக்கும். மேற்கின் புல்வெளிகளும் பாலை நிலங்களுமே அதன் பழைய வாழிடம். இன்று ஹவாயைத் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் அது வாழ்கிறது. தெற்குக் கலிஃபோர்னியாவின் புறநகர்களில் அது வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும், மிக அரிதாகக் குழந்தைகளுக்கும் ஆபத்தாக மாறியது கடந்த அரை நூற்றாண்டில்தான். ஆனால் அதற்கான காரணங்கள் அதற்கும் முந்தியவை.

கயோட்டியைச் சமாளிக்க அரசு முதலில் கைக்கொண்ட வழி ஒழிப்பு. ஆட்டுப்பண்ணைக்காரர்களின் முறையீட்டை ஏற்று 1891-இல் கலிஃபோர்னியா ஒவ்வொரு கயோட்டியின் தலைத்தோலுக்கும் 5 டாலர் வெகுமதி அறிவித்தது. அன்று அது ஒரு கூலியாளின் பல நாள் ஊதியம். விளைவு, அக்கம்பக்க மாநிலங்களில் கொன்ற விலங்குகளின் தோலும் கலிஃபோர்னியக் கருவூலத்துக்கே வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளிலேயே திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. 1915-இல் கொன்றுண்ணி விலங்குகளை ஒழிப்பதற்கென்றே மத்திய அரசின் உயிரியல் ஆய்வுத் துறைக்கு அமெரிக்கக் காங்கிரஸ் பணம் ஒதுக்கியது. 1931-இல் வந்த சட்டம் அதை நிலையான அரசுப் பணியாக்கியது. ஸ்ட்ரிக்னின் நஞ்சு வைத்த இறைச்சித் துண்டுகள் மலைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் போடப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் '1080' என்ற இன்னும் கொடிய நஞ்சு சேர்ந்துகொண்டது. அரசு நிலங்களில் இந்த நஞ்சுகளைப் பயன்படுத்த 1972-இல் அதிபர் நிக்சன் தடை விதித்தார்.

இத்தனைக்கும் கயோட்டி குறையவில்லை. ஓநாய்தான் ஏறக்குறைய அழிந்தது. கலிஃபோர்னியாவில் எஞ்சியிருந்த கடைசி ஓநாய் 1924-இல் கொல்லப்பட்டது. கூட்டமாகச் சேர்ந்து பெரிய இரையை வீழ்த்தி வாழும் ஓநாய்க்குக் கூட்டம் சிதைந்தால் வாழ்வில்லை. கயோட்டி இணையாகவும் வாழும், தனியாகவும் வாழும்; எலி, முயல், வெட்டுக்கிளி, பழம், செத்த மாடு என்று எதையும் தின்னும். ஓரிடத்தில் அதன் எண்ணிக்கையைக் குறைத்தால் மிஞ்சியவற்றுக்கு இரை கூடுதலாகக் கிடைக்கிறது, அடுத்த ஈற்றில் பிழைக்கும் குட்டிகளும் கூடுகின்றன. காலியான எல்லைக்குள் வெளியிலிருந்து இளம் விலங்குகள் வந்து குடியேறுகின்றன. போட்டியாளனான ஓநாயும் ஒழிந்ததால் கண்டத்தின் கிழக்குக் கரைவரை வழி திறந்தது. ஓர் இனத்தை ஒழிக்கச் செலவிட்ட பொதுப்பணம் அதன் பரவலுக்கே துணைபோனது இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி.

லாஸ் ஏஞ்சலிஸில் கயோட்டியின் வாழ்க்கையை மாற்றியது தண்ணீர். ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து 233 மைல் தூரம் நீர் கொண்டுவரும் கால்வாய் 1913-இல் திறக்கப்பட்டது. 1915-இல் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு நகரத்தோடு இணைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டு மனைகள் மலையடிவாரத்தைத் தாண்டி, புதர்க்காடு மண்டிய மலையிடுக்குகளுக்குள்ளும் ஏறின. கயோட்டி ஊருக்குள் புகுந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். இந்த மலைச்சரிவுகளைப் பொறுத்தவரை வந்தேறியது ஊர்தான்.

வந்த ஊர் வறண்ட நிலத்தில் ஆண்டு முழுதும் வற்றாத ஒரு சோலையை உண்டாக்கியது. நீர் பாய்ச்சிய புல்தரையில் வளை எலியும் முயலும் பெருகின. கொல்லையில் அத்தியும் அவகாடோவும் பழுத்து உதிர்ந்தன. பின்வாசல் படியில் இரவு முழுதும் நாய்த் தீனித் தட்டு கிடந்தது. மூடாத குப்பைத் தொட்டியில் கோழி எலும்பு இருந்தது. கோடையில் மலை ஓடை வற்றினாலும் நீச்சல் குளம் வற்றவில்லை. இரக்கப்பட்டு இறைச்சி வைத்தவர்களும் உண்டு. பண்ணை நிலத்தில் மனிதனைக் கண்டால் துப்பாக்கிக்கு அஞ்சி ஓடிய விலங்கு, குடியிருப்புத் தெருவில் அவனால் தீங்கில்லை என்று தெரிந்துகொண்டது. அங்கே பிறந்த குட்டிகள் அந்த அச்சத்தை அறியாமலே வளர்ந்தன.

1981 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய கிளெண்டேல் நகரின் மலையடிவாரக் குடியிருப்பில், வீட்டுக்கு முன்னால் நின்ற மூன்று வயதுச் சிறுமியைக் கயோட்டி கவ்வியது. தந்தை மீட்டு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் குழந்தை பிழைக்கவில்லை. அமெரிக்காவில் கயோட்டியால் குழந்தை இறந்ததாகப் பதிவாகியுள்ள ஒரே நிகழ்வு இதுதான். அதையடுத்து அந்த வீட்டைச் சுற்றி அரை மைல் வட்டத்துக்குள் 80 நாட்களில் 55 கயோட்டிகள் பிடிக்கப்பட்டன. காட்டில் இதைவிடப் பெரிய பரப்பை ஒரு குடும்பம் மட்டுமே தன் எல்லையாக வைத்திருக்கும். அந்தத் தெருக்களில் எவ்வளவு உணவு சிதறிக் கிடந்திருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஓர் எண்ணிக்கையே போதும். வட அமெரிக்காவில் பதிவான மற்றொரு மரணம் புறநகரில் நிகழ்ந்ததன்று. 2009-இல் கனடாவின் கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்காவில் தனியாக நடந்து சென்ற 19 வயதுப் பாடகி தாக்கப்பட்டு உயிரிழந்தார்.

கிளெண்டேல் நிகழ்வுக்குப் பிறகே கயோட்டித் தாக்குதல்களை முறையாகத் தொகுத்து ஆராயும் வேலை வேகம் பிடித்தது. ராபர்ட் டிம் தலைமையிலான ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட கட்டுரை, கலிஃபோர்னியாவில் மனிதர் மீதும், உரிமையாளரின் அருகிலேயே வளர்ப்பு விலங்குகள் மீதும் நடந்த 89 தாக்குதல்களைப் பதிவு செய்தது. அதன் பெரும் பயன் எண்ணிக்கையில் இல்லை. தாக்குதல் திடீரென்று வருவதில்லை, படிப்படியாக வருகிறது என்று அது காட்டியதுதான் முக்கியம். முதலில் இரவில் தெருவிலும் முற்றத்திலும் கயோட்டி அடிக்கடி தென்படும். பிறகு இரவில் பூனைகள் காணாமல் போகும். அடுத்து அதிகாலையிலும் மாலையிலும் நடமாட்டம் வரும். பட்டப்பகலில் நாய்களைத் துரத்தும். கையில் பிடித்திருக்கும் நாயையே கவ்வப் பார்க்கும். பள்ளி மைதானத்திலும் பூங்காவிலும் நடுப்பகலில் சுற்றத் தொடங்கினால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். இந்த வரிசை தெரிந்ததால், முதல் படியிலேயே விழித்துக்கொள்ள ஊர்களுக்கு வழி கிடைத்தது.

எல்லா ஊரிலும் கயோட்டி ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டியில் ஆய்வாளர் ஸ்டான்லி கெர்ட் 2000-இல் தொடங்கிய ஆய்வில், கயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். கழிவைச் சேகரித்து உணவைக் கணித்தார்கள். எலி வகைகளே முதன்மை உணவு. பூனையின் தடயம் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு மாதிரியில்தான் இருந்தது. பிற்பாடு லாஸ் ஏஞ்சலிஸின் நெருக்கமான நகர்ப்பகுதிகளில் நடந்த ஆய்வில் அது ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. பூனையை இரவில் வெளியே விடலாமா என்ற கேள்விக்குச் சிகாகோவின் கணக்கைக் காட்டி லாஸ் ஏஞ்சலிஸ்காரர் ஆறுதல் அடைய முடியாது.

ஒழிப்பா, உடன்வாழ்வா என்ற பூசல் இன்னும் ஓயவில்லை. 1998-இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் எஃகுப் பல் பொறிகளையும் 1080 நஞ்சையும் தடைசெய்தனர். 2014-இல் சீல் பீச் நகரம் கயோட்டிகளைப் பிடித்து வாயு செலுத்திக் கொல்ல முடிவெடுத்தபோது எதிர்ப்பு மூண்டது. நாயைப் பறிகொடுத்த வீட்டாரின் வேதனை உண்மையானது. ஆனால் குப்பைத் தொட்டி திறந்தே கிடக்கும் தெருவில் பத்துக் கயோட்டிகளைப் பிடித்தாலும் பதினொன்றாவது அங்கே வந்து சேரும்.

ஆகவே பாதுகாப்பின் கவனம் வீட்டு வளாகத்துக்குத் திரும்பியது. ஆறடி வேலி வேண்டும் என்பது பொது விதி. அது மட்டும் போதாது. கயோட்டி வேலியை ஒரே தாவலில் கடப்பது குறைவு. எம்பி, முன்னங்கால்களை விளிம்பில் ஊன்றி, உடலை மேலே இழுத்துக்கொள்ளும். அந்த ஊன்றலைத்தான் வேலி உச்சியில் பொருத்தும் சுழல் உருளை கெடுக்கிறது: கால் பட்டதும் குழாய் உருள, விலங்கு பிடி கிடைக்காமல் வந்த பக்கமே விழுகிறது. அடியில் தோண்டி நுழையாதிருக்கக் கம்பி வலையை மண்ணுக்குள் வெளிப்புறமாக மடித்துப் புதைக்கிறார்கள். 2014-இல் சிறுநாயைப் பறிகொடுத்த சான் டியேகோக் குடும்பம் ஒன்று கெவ்லார் துணியில் கூர்முனைக் கழுத்துப்பட்டையோடு நாய்ச்சட்டை தைக்கத் தொடங்கியது. இன்று அது விற்பனைக்கும் கிடைக்கிறது. நாயை நீளும் கயிற்றில் விடாமல் ஆறடிக்குள் பிடித்து நடப்பது, பூனையை வீட்டுக்குள்ளோ கூண்டு முற்றத்திலோ வைப்பது, சிறு குழந்தையைத் தனியே விளையாட விடாதிருப்பது ஆகியவை எல்லா ஊர் அறிவுரைகளிலும் உண்டு. குட்டிகள் ஈன்று வளரும் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் தாய் தந்தை இரண்டும் நாய்களை எதிர்த்து நிற்கும். அந்த மாதங்களில் வளைகள் உள்ள நடைபாதையைத் தவிர்ப்பதே நல்லது.

இழந்த அச்சத்தை மீண்டும் ஊட்டும் முறை கொலராடோவின் டென்வர் வட்டாரத்தில் குடிமக்கள் பயிற்சியாகவே வளர்ந்தது. கயோட்டியைக் கண்டால் முதுகு காட்டி ஓடக் கூடாது. சிறுநாயைத் தூக்கிக்கொண்டு, கைகளை உயர்த்தி, உரக்கக் கத்தி, காசு போட்ட தகரடப்பாவைக் குலுக்கி, தோட்டக் குழாயால் நீரைப் பீய்ச்சி, அது கண்ணிலிருந்து மறையும்வரை விரட்ட வேண்டும். பாதியில் விட்டால் மனிதச் சத்தம் வெறும் சத்தம் என்று அது கற்றுக்கொள்ளும். பக்கத்து வீட்டில் தீனி வைத்தால் இந்த முயற்சி பலிக்காது. மனிதரைக் கடித்த விலங்கிடமும் இம்முறை செல்லாது. அத்தகைய ஒன்றை அடையாளம் கண்டு அதை மட்டும் கொல்லும் அதிகாரத்தை, உடன்வாழ்வுக் கொள்கை கொண்ட நகரங்களும் கைவிடவில்லை.