ஓடத்தில் எரிந்த அடுப்பு

காஞ்சிபுரத்தில் விருந்தாளியாகத் தங்குகிறவர்களுக்கு மூன்று நாள் நிகழ்ச்சி பெரும்பாலும் தயாராக இருக்கும். முதல் நாள் கோயில்கள். இரண்டாம் நாள் பட்டுப் புடைவை. மூன்றாம் நாள் மாமல்லபுரம். செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிறவர்கள், கற்கோயில்களின் ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் ஒரு பாலத்தைக் கடந்துதான் ஆகவேண்டும். பாலத்தின் அடியில் ஒரு வாய்க்கால், கடற்கரைக்கு இணையாக வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கிறது. அதைப் பார்க்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. பல்லவர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வாய்க்காலோடு என்ன வேலை?

அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். ஆந்திரத்தில் கிருஷ்ணைக்கு அருகேயுள்ள பெத்தகஞ்சத்திலிருந்து தமிழ்நாட்டு மரக்காணம் வரை ஏறக்குறைய 260 மைல் நீளம். கிருஷ்ணை, கோதாவரி டெல்டாக் கால்வாய்களையும் சேர்த்துக்கொண்டால், மரக்காணத்தில் ஏறிய சரக்கு காக்கிநாடா வரை படகிலேயே போகலாம். மாமல்லபுரத்துக்குப் பின்புறமாக வந்து, பாலாற்று முகத்துவாரத்தைத் தாண்டிப் போகும் வழி அது. காஞ்சியின் ஆறும் வெள்ளைக்காரன் வெட்டிய வாய்க்காலும் சந்திக்கிற இடம் அங்கேதான்.

சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்குப் படகு என்றால் பிரியம் அதிகம். நிலா இருக்கவேண்டும், ராஜகுமாரன் இருக்கவேண்டும், அவன் எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருக்கவேண்டும். ஆனால் அந்தப் படகைத் தள்ளியவன் இரவில் எதைச் சாப்பிட்டான், எங்கே சமைத்தான், மழை பெய்தால் எங்கே ஒதுங்கினான் என்று கதையில் யாரும் கேட்பதில்லை. மரப் பலகைகளைச் சேர்த்தால் படகு ஆகும். அதில் ஓர் அடுப்பை மூட்டிய பிறகே அது வீடு ஆகும். நீர்வழிகளின் சரித்திரத்தை அந்த அடுப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால், கவர்னர்களின் பெயரைக் கொண்டு பார்ப்பதைவிட அதிகம் தெரிகிறது.

முதலில் பெயரை முடித்துவிடுவோம். 1806-ல் பேஸில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். அதனால் ‘காக்ரேன் கால்வாய்’ என்றார்கள். 1837-ல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. அப்புறம் துண்டு துண்டாக வடக்கேயும் தெற்கேயும் வளர்ந்தது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 5 மைல் மட்டும் பாக்கியாக நின்றது. அந்தத் துண்டு 1877-78-ல் வெட்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு. வாய்க்காலுக்கு அவர் பெயர் வந்தது. வெட்டியவர்கள் பஞ்சம் பிழைக்க வந்த ஜனங்கள்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன பஞ்சம் அது. 1876 தொடங்கி 1878 வரை தென்னாட்டைச் சூறையாடியது. காஞ்சிபுரம் அடங்கிய செங்கற்பட்டு ஜில்லாவும் தப்பவில்லை. நெசவாளர் ஊர்களைப் பஞ்சம் பிடிக்கும் விதமே தனி. உழவனுக்கு மழை பொய்த்தால் விளைச்சல் போகிறது. நெசவாளிக்கோ தறியும் இருக்கும், நூலும் இருக்கும், கை வேலையும் இருக்கும். துணி வாங்குவதற்கு ஆள் இருக்கமாட்டான். அரிசி விலை ஏற ஏற, ஊரார் முதலில் நிறுத்துகிற செலவு புடைவைதான். காஞ்சிக்குப் பசி புதிதன்று. மணிமேகலை அமுதசுரபியோடு வந்து சேர்ந்தபோது அந்த நகரம் மழையின்றி வாடிக் கிடந்ததாகக் காப்பியம் சொல்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தைக் கொண்டு அவள் பசி தீர்த்தாள்.

1877-ல் வந்தவரிடம் அப்படிப்பட்ட பாத்திரம் இல்லை, தராசு இருந்தது. இந்திய சர்க்கார் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆண் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கணக்குப் போட்டார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. சென்னை ராஜதானியின் சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும், கூடக் காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். இரண்டு துரைமார்களும் காகிதத்தில் சண்டையிட்டார்கள். கடைசியில் சென்னை சர்க்கார் இரண்டுக்கும் நடுவாக ஒன்றேகால் ராத்தலும் கொஞ்சம் பருப்பும் என்று உயர்த்தியது. ஒரு கால் ராத்தல் தானியத்துக்காக ஒரு மனிதர் சர்க்காரோடு போராடினார் என்பது சரித்திரத்தில் சின்ன விஷயம் அல்ல. அந்தக் கால் ராத்தல், மண்வெட்டி பிடித்தவன் மறுநாள் எழுந்திருப்பானா என்பதைத் தீர்மானித்தது.

இனி இந்தக் கதையின் மறுபாதியைக் கேளுங்கள். அதே 1877-ல், லண்டன் பார்லிமெண்டில் வாய்க்கால் படகுகளைப் பற்றி ஒரு சட்டம் நிறைவேறியது.

இங்கிலாந்தின் வாய்க்கால் படகு நீளத்தில் 70 அடி, அகலத்தில் 7 அடி. ஏறக்குறைய நம் ஊர்த் திண்ணையைத் தண்ணீரில் மிதக்கவிட்டது போன்ற உருவம். ரயில் வந்து போட்டியிட்டதும் வாய்க்கால் கூலி குறைந்தது. கரையில் வீட்டு வாடகை கொடுக்க முடியாத படகோட்டிகள் பலர் மனைவி மக்களைப் படகுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். நிலக்கரியும் இரும்பும் முன்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். பின்பக்கத்தில் சுமார் 10 அடி நீளத்துக்கு ஓர் அறை. அதற்குள்தான் சமையலும் தூக்கமும் பிரசவமும். நுழைந்ததும் கைப்பக்கத்தில் இரும்பு அடுப்பு. அதே அடுப்பு சோறாக்கும், குளிருக்குக் கணப்பாகும், ஈரத்துணியை உலர்த்தும். பகலில் அலமாரிக் கதவாக நிற்கிற பலகையை இரவில் மடக்கி இறக்கினால் குறுக்கே கட்டில் ஆகிவிடும். கூரைமேல் பூப்போட்டு வர்ணம் தீட்டிய தகரப் பாத்திரத்தில் குடிதண்ணீர்.

ஜார்ஜ் ஸ்மித் என்ற மனிதர் இந்த அறைகளுக்குள் நடந்ததை வெளியுலகுக்குச் சொன்னார். பள்ளிக்கூடத்தின் வாசலைக் காணாத குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதன் பலனாக வந்ததுதான் 1877-ம் வருஷச் சட்டம். படகைப் பதிவு செய்யவேண்டும். எத்தனை பேர் அதில் வசிக்கலாம் என்று எழுதி வைக்கவேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு 60 கன அடி காற்று, குழந்தைக்கு 40 கன அடி என்று விதிகளில் அளவு வகுத்தார்கள். அடுப்புக்குப் புகைபோக்கி வேண்டும், குடிதண்ணீருக்கு இடம் வேண்டும் என்றார்கள். சட்டம் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். 1884-ல் அதைத் திருத்த வேண்டி வந்தது.

ஒரே மகாராணியின் ஆட்சி, ஒரே வருஷம், இரண்டு வாய்க்கால்கள். அங்கே, படகில் இருப்பவனுக்கு எவ்வளவு காற்று குறைந்தபட்சம் வேண்டும் என்று அளந்தார்கள். இங்கே, வாய்க்கால் வெட்டுகிறவன் எவ்வளவு குறைவான தானியத்தில் உயிரோடு இருப்பான் என்று அளந்தார்கள். அளவுகோல் பிடித்த கை ஒன்றுதான்.

நம் வாய்க்காலில் ஓடிய படகுகளுக்கு வருவோம். ஆழம் குறைவான நீர் ஆகையால் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். காற்று உதவினால் பாய். காற்று ஓய்ந்தால் கழி ஊன்றித் தள்ளுவது. அதுவும் முடியாவிட்டால் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பது. ஆறுகள் குறுக்கிடுகிற இடங்களில் நீர்மட்டத்தைக் காக்கக் கதவுகள். கதவு திறக்கும் வரை படகு காத்திருக்கும். நெல்லூர் அரிசி, பழவேற்காட்டுச் சுண்ணாம்புக் கிளிஞ்சல், எண்ணூர், கேளம்பாக்கம், மரக்காணம் பக்கத்து உப்பு ஆகியவை சென்னைக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக விறகு. இன்று ராக்கெட் கிளம்புகிற ஸ்ரீஹரிகோட்டாவின் காட்டு விறகும் கரையோரச் சவுக்கும் இந்த வாய்க்கால் வழியாகத்தான் பட்டணத்துச் சமையலறைகளுக்கு வந்தன. காலையில் சென்னைவாசி குடித்த காப்பிக்குப் பின்னால் யாரோ ஒருவன் கரையில் கயிறு இழுத்த இரவு இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. படகு நிறைய விறகு. அடுப்பு எரிக்கக் கவலை இல்லை. சுற்றிலும் தண்ணீர், ஆனால் உலை வைக்க ஒரு குவளைகூட ஆகாது. கடலின் ஏற்றவற்றத்தில் நிறைகிற வாய்க்கால் ஆனதால் அது உப்பு நீர். குடிக்கவும் சமைக்கவும் கரையோரத்து ஊர்க் கிணற்றை நம்பவேண்டும். மணல் பரப்பி அதன்மேல் வைத்த மண் அடுப்புக்கு வேண்டியதெல்லாம் படகில் இருக்கும், தண்ணீரைத் தவிர. ஆகவே படகில் அரிசியைக் காட்டிலும் காவல் வேண்டியது குடிதண்ணீர்ப் பானைக்கு. இங்கிலாந்துப் படகின் பூப்போட்ட தகரப் பாத்திரமும் நம் படகின் மண்பானையும் ஒரே கவலையின் இரண்டு உருவங்கள்.

கணப்பு விஷயத்தில் நாம் பாக்கியசாலிகள். மார்கழி விடியற்காலத்துப் பனிக்கு ஒரு துப்பட்டி போதும். காஷ்மீரத்தில் அப்படி இல்லை. அங்கே டூங்கா என்ற பாய்க்கூரைப் படகில் குடும்பங்கள் வசித்தன. குளிருக்குப் பிரம்புக் கூட்டுக்குள் வைத்த தணல் சட்டியை அங்கிக்குள்ளே அணைத்துக்கொண்டார்கள். வெளியார் நிலம் வாங்கக் கூடாது என்று மகாராஜா தடுத்ததால் வெள்ளைக்காரர்கள் தண்ணீரின்மேல் பங்களா கட்டிக்கொண்டார்கள். அதுவே ஸ்ரீநகரின் படகு வீடு.

மரப் படகை வீடாக வைத்திருப்பதில் அடுப்பைப் போலவே முக்கியமான வேலை இன்னொன்று உண்டு. பலகைகளின் இடுக்கில் நாரைத் திணித்து, பிசினும் எண்ணெயும் பூசி நீர் புகாமல் அடைப்பது. இதைக் கலப்பற்று என்பார்கள். கேரளத்தின் கட்டுவள்ளத்தில் ஆணியே கிடையாது. அயினிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, முந்திரிக் கொட்டைத் தோட்டின் எண்ணெயைப் பூசுவார்கள். தைத்த துணி கிழிந்தால் மறுபடி தைப்பதுபோல, கயிறு நைந்தால் பிரித்துக் கட்டவேண்டியதுதான். குட்டநாட்டு நெல்லைச் சுமந்த அந்த வள்ளங்களுக்கு லாரி வந்ததும் வேலை போயிற்று. 1990-களில் அவற்றின்மேல் மூங்கில் கூடு கட்டி, படுக்கையறையும் சமையலறையும் வைத்து உல்லாசப் பிரயாணிகளை ஏற்றினார்கள். நெல் போய் மனிதர் வந்தார்கள், வள்ளம் பிழைத்தது.

இங்கிலாந்திலும் ஒரு படகு அப்படிப் பிழைத்தது. 1939-ல் ரோல்ட் என்ற எழுத்தாளர் ‘கிரெஸ்ஸி’ என்ற பழைய படகை பான்பரி ஊரின் படகுப் பட்டறையில் செப்பனிட்டார். கணப்பு வைத்தார், குளிக்கும் தொட்டியும் வைத்தார். மனைவியோடு அதில் குடியேறி வாய்க்கால்களில் சுற்றினார். அந்த வாழ்க்கையை அவர் எழுதிய புத்தகம் 1944-ல் வெளியாயிற்று. 1946-ல் நீர்வழிகளைக் காக்க ஒரு சங்கம் தோன்றியது. மூடிக்கொண்டிருந்த பல வாய்க்கால்கள் பின்னர் திறந்தன. சர்க்காரின் திட்டத்துக்கு முன்னால் அங்கே ஒருவர் வீட்டு அடுப்பு எரிந்தது என்பது கவனிக்கத் தக்கது.

நம் வாய்க்காலையும் எழுத்து மறந்துவிடவில்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இதே நீரில் படகேறிப் போனதைப் பாரதிதாசன் பாட்டாகவே பாடியிருக்கிறார். ஆனால் அந்தப் பாட்டுக்குப் பிறகு காலம் வேறு திசையில் போயிற்று. ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1965, 1966-ம் வருஷங்களின் புயல்கள் கரைகளையும் கதவுகளையும் சிதைத்தன. மண்ணெண்ணெயும் காஸும் வந்து விறகின் தேவையைக் குறைத்தன. பட்டணத்தின் சமையலறை விறகை விட்டதும் வாய்க்காலையும் விட்டது. விறகு வந்த வழியில் அதே சமையலறைகளின் கழிவு நீரைத் திருப்பி அனுப்பியது. சென்னைக்குள் வாய்க்காலின் நடுவே பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நட்டார்கள்.

ஆயினும் வாய்க்கால் தன் உபகாரத்தை நிறுத்தவில்லை. 2004 டிசம்பர் 26-ம் தேதி கடல் பொங்கி வந்தபோது, கரையோரத்தில் பல இடங்களில் அந்த வெள்ளத்தை வாங்கித் தன்னுள் அடக்கிக்கொண்டு, அப்பாலிருந்த ஊர்களுக்குச் சேதத்தைக் குறைத்தது. 2008-ல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை செல்லும் நான்காவது தேசிய நீர்வழியின் பகுதியாக அதை அறிவித்தார்கள்.

அறிவிப்பு நல்லதே. ஆனால் நீர்வழியைக் காகிதம் மட்டும் காப்பாற்றாது. அதில் இரவு தங்குகிறவர்களுக்கு நீர் நாறினால் முதலில் தெரியும். கரை சரிந்தால் முதலில் தெரியும். அவர்கள்தான் சத்தம் போடுவார்கள். காஞ்சிப் பட்டு மறையாமல் இருப்பதற்கு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டி காரணம் அல்ல. அந்த ஊரில் இன்னும் தறியின் பக்கத்திலேயே சோறு வேகிறது, அதுதான் காரணம். ஒன்றேகால் ராத்தல் தானியத்துக்கு மண் சுமந்தவர்கள் வெட்டிய வாய்க்கால் இது. அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை எளிதானது: அதன் நீர்மேல் மறுபடியும் ஒரு படகில் ஒரு குடும்பம் மூக்கைப் பிடிக்காமல் உட்கார்ந்து சாப்பிடும்படி செய்வது.