பாறசாலைக்கும் குழித்துறைக்கும் இடையே: எல்லைக்குப் பின் வந்த இருப்புப்பாதை

திருவிதாங்கூரின் ரயில் வரலாறு பெரும்பாலும் கொல்லத்தை மையமாகக் கொண்டே எழுதப்படுகிறது. 1904-இல் கொல்லத்தையும் செங்கோட்டையையும் மலைவழியே இணைத்த மீட்டர் பாதையின் தொடர்ச்சி 1918-இல் திருவனந்தபுரத்தின் சாக்கை வரை வந்தது. 1931 நவம்பரில் நகரின் நடுவே தம்பானூரை எட்டியது. அங்கேயே நின்றும்விட்டது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, நாகர்கோவில் எனத் தெற்கே நீளும் மக்கள்செறிந்த நிலப்பரப்பு மேலும் 48 ஆண்டுகள் ரயிலைக் காணவில்லை.

அந்த இடைவெளியைச் சாலையே நிரப்பியது. 1938-இல் திருவிதாங்கூர் அரசு பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, கன்னியாகுமரிச் சாலை அதன் தொடக்க வழித்தடங்களுள் ஒன்றாக இருந்தது. தமிழ் நெசவாளர்கள் குடியேறி வளர்த்த பாலராமபுரமும் அச்சாலையின் மீதே அமைந்தது.

இந்தத் தாமதத்துக்கு ஓர் எதிர்பாராத விளைவு உண்டு. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, இப்பகுதியில் வெட்டுப்படுவதற்கு இருப்புப்பாதையே இல்லை. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை, பாறசாலையையும் அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களையும் உள்ளடக்கியவாறு, கேரளத்திலேயே நின்றது. செங்கோட்டையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு: அங்கு 1904-இன் பாதையை 1956-இன் எல்லை வெட்டியது. இங்கோ பாதை பிறகு வந்து எல்லையைக் கடந்தது.

1972 செப்டம்பரில் இந்திரா காந்தி கட்டுமானப் பணியைத் தொடங்கிவைத்தார். 1976-இல் எர்ணாகுளம் - திருவனந்தபுரம் பாதை அகலப்பாதையாக மாறியிருந்ததால், தெற்குப் பாதையும் அகலப்பாதையாகவே அமைந்தது. சுமார் 87 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1979 ஏப்ரல் 15-இல் திறக்கப்பட்டது. நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை எனக் கேரள நிலையங்கள் முடிய, குழித்துறையில் தமிழ்நாடு தொடங்குகிறது.

மொழி ஆய்வாளர் இங்கே சற்று நிற்கலாம். மலை - மல, தலை - தல என்பனபோலத் தமிழின் ஐகார ஈறு மலையாளத்தில் அகரமாக ஒலிப்பது அறிந்ததே. ரயில்வேயின் ரோமன் எழுத்து வடிவங்களில் 'பாறசால' அகரத்தில் முடிகிறது. அடுத்து வரும் 'குழித்துறை' ஐகாரத்தில் முடிகிறது. கால அட்டவணையின் இரண்டு வரிகளுக்கிடையே மாநில எல்லை ஓர் உயிரெழுத்தாகப் படிந்திருக்கிறது! பேச்சிலோ இத்தகைய கூர்மையான கோடு கிடையாது. விளவங்கோட்டுப் பேச்சுத் தமிழ் மலையாளத்துக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை அப்பகுதியைக் கேட்டவர் அறிவர். நெய்யாற்றின்கரையும் நெய்யாற்றங்கரையும் சாரியையில் மட்டுமே வேறுபடுகின்றன. இன்னும் சற்றுத் தெற்கே, ஆங்கிலேயர் காலத்து எழுத்துக்கூட்டலைச் சுமந்துகொண்டு இரணியல் நிற்பது தனிக் கதை.

மாநில எல்லையைக் காட்டிலும் அதிகச் சச்சரவை விளைவித்தது நிர்வாக எல்லை. பாதை திறந்த அதே ஆண்டில், அக்டோபர் 2-இல், மதுரைக் கோட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் திருவனந்தபுரம் கோட்டம் உருவானது. கன்னியாகுமரி மாவட்டத்தின் நிலையங்கள் யாவும் அதன்கீழ் வந்தன. 1956-இல் சட்டம் பிரித்த பழைய திருவிதாங்கூரின் தென்பகுதியை 23 ஆண்டுகளுக்குப் பிறகு ரயில்வே வரைபடம் மீண்டும் ஒட்டிவைத்தது எனலாம். இந்நிலையங்களை மதுரைக் கோட்டத்துக்கு மாற்றவேண்டும் என்ற கோரிக்கை குமரியில் நெடுங்காலமாக ஒலிக்கிறது. வண்டிகளிலும் வசதிகளிலும் தம் மாவட்டம் பின்தள்ளப்படுகிறது என்பது கோருவோரின் வாதம். இதை வெறும் மொழியுணர்வாகச் சுருக்குவது பொருந்தாது. கோட்ட அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது அன்றாடப் பயணியையும் தொடும் நிர்வாகக் கேள்வி.

வடக்கே இதன் மறுபக்கத்தைக் காணலாம். கேரளத்துக்குள் இருக்கும் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் நிலையங்கள் இன்றும் மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தவை. புனலூர்க்காரரின் மனு மதுரைக்குப் போகிறது. குழித்துறைக்காரரின் மனு திருவனந்தபுரத்துக்குப் போகிறது.