துப்பாக்கி இருக்கு, தோட்டா இருக்கு, வேட்டை இல்லை

தேர்தல் தேதி அறிவிச்ச ஒன்றிரண்டு நாள்ல பேப்பர்ல ஒரு சின்னச் செய்தி வரும், கவனிச்சிருக்கீங்களா? உரிமம் பெற்ற துப்பாக்கி வச்சிருக்கிறவங்க பக்கத்துக் காவல் நிலையத்துல ஒப்படைச்சிட்டு ரசீது வாங்கிக்கணும்னு இருக்கும். மாநகரத்துல வளர்ந்த நமக்கு வீட்டுல துப்பாக்கி என்பதே சினிமா சமாச்சாரம். அதனால அந்தச் செய்தியைத் தாண்டிப் போயிடுவோம். ஆனா ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரி மலையடிவார ஊர்கள்ல அது நிஜமாவே சில வீடுகளுக்கு வர்ற செய்தி. அந்த வீடுகள் துப்பாக்கியைக் கையை விட்ட கதைதான் இந்த எபிசோட்.

முதல்ல கொஞ்சம் தூரமா, ஸ்காட்லாந்துக்குப் போயிட்டு வருவோம். ஒப்பிட ஒரு அளவுகோல் வேணும்.

1996 மார்ச் 13. டன்பிளேன் என்ற சின்ன ஊர். ஒருத்தன் ஆரம்பப் பள்ளிக்குள்ள புகுந்து 16 குழந்தைகளையும் ஒரு ஆசிரியையையும் சுட்டுக் கொன்னான். அவன் கையில இருந்த கைத்துப்பாக்கிகள் எல்லாமே முறையா லைசென்ஸ் வாங்கினவை. அடுத்த வருஷமே, 1997ல, பிரிட்டன்ல ரெண்டு சட்டம் வந்தது. முதல் சட்டம் பெரிய ரகக் கைத்துப்பாக்கிகளைத் தடை பண்ணுச்சு. ஆட்சி மாறினதும் வந்த ரெண்டாவது சட்டம் விளையாட்டுக்குப் பயன்படுற பாயிண்ட் 22 ரகத்தையும் சேர்த்துக்கிட்டது. ஒரு லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல கைத்துப்பாக்கிகள் காவல் நிலையங்களுக்கு வந்து சேர்ந்தன. அரசு இழப்பீடு கொடுத்தது. ஆனா கிளப்ல பல வருஷம் இலக்கு அட்டையைப் பார்த்துச் சுட்டுப் பழகினவங்களுக்குப் பணம் மட்டுமா பிரச்சினை? யாரோ செஞ்ச கொலைக்கு நான் ஏன் என் விளையாட்டை விடணும்னு கேட்டாங்க. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் முன்னாடி அந்தக் கேள்வியை உரக்கக் கேக்கவும் முடியலை. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நாடு பெற்றோர் பக்கம் நின்னது. என் கருத்தைக் கேட்டா, நின்ன இடம் சரி. ஆனா தோத்தவங்க குற்றவாளிகள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

இதுல ஒரு வேடிக்கை. 2002 காமன்வெல்த் போட்டியை இங்கிலாந்து நடத்துச்சு. பிஸ்டல் போட்டிகளை விலக்கு கொடுத்துத்தான் நடத்த முடிஞ்சது. அங்க போய்த் தங்கம் ஜெயிச்சது நம்ம ஜஸ்பால் ராணா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்கின மனு பாக்கரோட பயிற்சியாளர் அவர்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்க ஆயுதத்தைக் கொடுக்கச் சொன்னது புதுசு இல்லை. 1801ல பாஞ்சாலங்குறிச்சி விழுந்துச்சு, மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டாங்க. அதுக்கப்புறம் டிசம்பர் 1ஆம் தேதி மெட்ராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பகுதிப் பாளையக்காரர்களும் குடிமக்களும் ஆயுதங்களை ஒப்படைக்கணும், கோட்டைகளை இடிக்கணும், மீறினா மரண தண்டனை. ராஜபாளையத்துக்குப் பக்கத்துல இருக்கிற சேத்தூர், அதைத் தாண்டி சிவகிரி எல்லாம் அப்போ பாளையங்கள். காவல் காக்கிறதும் ஆயுதம் ஏந்துறதும் தொழிலா இருந்த குடும்பங்கள் ஒரே உத்தரவுல வெறுங்கையோட நின்னாங்க. 1803ல வந்த நிரந்தர ஜமீன் ஏற்பாட்டுல பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார், அவரோட ஆள்கள் விவசாயக் கூலி ஆனாங்க. இழப்பீடுன்னு ஒரு வார்த்தைகூட அதுல இல்லை.

அப்புறம் 1878ல லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம். இந்தியர்னா லைசென்ஸ் வேணும், ஐரோப்பியர்னா விலக்கு. அதனால லைசென்ஸ் துப்பாக்கி என்பது பாதுகாப்புக்கு மட்டும் இல்லை, அந்தஸ்துக்கும் ஒரு அடையாளமா ஆயிடுச்சு. கலெக்டர் நம்புற ஆள்னு ஊருக்குச் சொல்ற ஒரு பொருள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 சட்டம் ஐரோப்பியர் விலக்கை எடுத்துட்டு லைசென்ஸ் முறையை வச்சுக்கிட்டது. நீளக் குழல் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் தரலாம், மருந்து கெட்டிச்சுச் சுடுற துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்குத் தரலாம்னு அந்தச் சட்டத்துலயே எழுதியிருக்கு. இங்க விளையாட்டுன்னா இலக்கு அட்டை மட்டும் இல்லை, பெரும்பாலும் வேட்டை.

வேட்டைன்னா ராஜபாளையம் நாயைச் சொல்லாம முடியுமா? வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. காட்டுப்பன்றியைத் துரத்தி மடக்கறதுக்காக வளர்த்த இனம். பாளையக்காரர் போர்ல கம்பெனிக்காரன் குதிரை லாயத்துல பாய்ஞ்சுதுன்னு ஊர்ல ஒரு கதையும் உண்டு, அதைக் கதையாவே வச்சுப்போம். நாயும் துப்பாக்கியும் ஒரே கூட்டணி.

அந்தக் கூட்டணி உடைஞ்சது 1972ல. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். இதைப் பத்திப் பேசுறப்போ பலர் ஒரு தப்பு பண்றாங்க, அன்னையோட வேட்டை மொத்தமா நின்னு போச்சும்பாங்க. அப்படி இல்லை. சில விலங்குகளை லைசென்ஸ் எடுத்து வேட்டையாட அந்தச் சட்டத்துலயே இடம் இருந்தது. 1991 திருத்தம்தான் அந்த வேட்டை லைசென்ஸை ஒழிச்சது. நடுவுல 19 வருஷம். ஒரு தலைமுறைக்கு மெதுவா கதவு சாத்தப்பட்டுச்சு. இன்னொண்ணு, வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கிற மான் கொம்பையும் பாடம் பண்ணின தோலையும் வனத்துறைக்குத் தெரிவிச்சுப் பதிவு பண்ணணும்னு சட்டம் சொன்னது. அப்ப விட்டவங்களுக்காக 2003ல இன்னொரு வாய்ப்பு கொடுத்தாங்க. தாத்தா பெருமையா மாட்டின கொம்பு, பேரன் காலத்துல ஒரு படிவத்துல நிரப்ப வேண்டிய சொத்து.

பிரிட்டனுக்கும் இங்கயும் உள்ள வித்தியாசத்தை இங்கதான் பாருங்க. அங்க இலக்கு அட்டை அப்படியே இருந்தது, கையில இருந்த துப்பாக்கி போச்சு. இங்க துப்பாக்கி பீரோவுலயே இருந்தது, லைசென்ஸையும் நேரத்துக்குப் புதுப்பிச்சாங்க, ஆனா அதைத் தூக்கிட்டு நடந்த மலை கைவிட்டுப் போச்சு. 1988ல ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள மலை, சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமா அறிவிக்கப்பட்டது. செண்பகத்தோப்புப் பக்கம் போனா உசந்த மரத்துல கிளை விட்டுக் கிளை தாவுற அந்தப் பெரிய அணிலைப் பார்க்கலாம். காட்டுப்பன்றியை விரட்டின மனுஷங்களை மலையை விட்டு இறக்கினது ஒரு அணில்! 2021ல மேகமலையையும் சேர்த்து அது புலிகள் காப்பகமாவும் ஆயிடுச்சு, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல.

நாய்க்கும் வேலை போச்சு. வேட்டை இல்லாத வேட்டை நாயை யார் வளர்ப்பாங்க? இனம் அருகிப் போய், அப்புறம் கண்காட்சி நாயாவும் காவல் நாயாவும் திரும்ப வந்தது. 2005ல தபால் தலையிலயே ஏறிடுச்சு. துப்பாக்கிக்கு அந்த யோகம் வரலை.

கடைசியா 2019. ஒருத்தர் மூணு துப்பாக்கி வரைக்கும் வச்சுக்கலாம்னு இருந்ததை ரெண்டாக் குறைச்சாங்க. முதல் மசோதாவுல ஒண்ணுன்னுதான் இருந்தது, எதிர்ப்பு வந்து ரெண்டு ஆச்சு. மூணாவதை ஒரு வருஷத்துக்குள்ள காவல் நிலையத்துலயோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலயோ ஒப்படைக்கணும். தாத்தாவோட ரெட்டைக்குழல், அப்பாவோட ஒண்ணு, தான் வாங்கினது ஒண்ணுன்னு வச்சிருந்தவங்க எதைக் கொடுக்கறதுன்னு முடிவு பண்ணணும். பெயர் பெற்ற போட்டி வீரர்களுக்கு மட்டும் தனி விலக்கு, அவங்களுக்கான எண்ணிக்கை 2020ல கூடவும் செஞ்சது. இதுல எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. பதக்கம் வாங்கினவரோட துப்பாக்கி விளையாட்டுக் கருவி, பயிர்க் காவலுக்கு வாங்கினவரோடது குறைக்க வேண்டிய ஆயுதம். ஒரு சட்டமா இது சரியா இருக்கலாம். ஆனா அந்த வரிசையில யார் முன்னாடி, யார் பின்னாடின்னு தெளிவாவே தெரியுது. இன்னைக்கு ஒரு பையன் சுடப் பழகணும்னா மலைக்குப் போக வேண்டாம், 10 மீட்டர் நீளத்துல ஒரு ஹாலும் லைசென்ஸ் தேவைப்படாத ஏர் பிஸ்டலும் போதும்.

ஆனா காட்டுப்பன்றி போகலை. அடிவாரத் தோப்புகள்ல ராத்திரி இறங்கித் தென்னங்கன்றைத் தோண்டுது, கடலையைக் கிளறுது. விவசாயிகள் வருஷக்கணக்கா மனு கொடுத்தாங்க. 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள பன்றியைத் தொடக்கூடாது. மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுக்குள்ள விடலாம். அதைத் தாண்டி வந்தா சுடலாம். சுடறது பயிற்சி பெற்ற வனத்துறை ஆள் மட்டும்தான். தோப்புக்காரர் வீட்டு பீரோவுல லைசென்ஸ் துப்பாக்கி இருந்தாலும், அவர் வனத்துறைக்குப் போன் பண்ணிட்டுக் காத்திருக்கணும்.